கட்டில் கேட்டவளும் ரத்தம் கொடுத்தவனும்

என் பேத்திக்கு இன்றோடு முப்பத்திரண்டு நாள். விரலை நீட்டினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். முப்பத்தைந்து வருஷம் உளி பிடித்துக் காய்த்துப்போன விரல். கொட்டாப்புளிச் சுத்தியல் தவறி விழுந்தால்கூடச் சட்டென்று உறைக்காது. அவள் பிடித்தால் மட்டும் உச்சந்தலை வரைக்கும் என்னவோ செய்கிறது. பத்து மணிக்குப் பட்டறைக்குப் போகிறவன் பதினொரு மணிக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவளைப் பற்றி இல்லை. அவளுடைய அப்பன் மெய்யநாதனைப் பற்றி. என் தங்கை ராமுத்தாயின் மகன். எனக்கு மருமகன், இப்போது மாப்பிள்ளை. "எழுதுங்க மாமா, எம் பேரப் போட்டே எழுதுங்க" என்று அவனே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

நாங்கள் காரைக்குடிக்குப் பக்கத்தில் அமராவதிபுதூர். தச்சு வேலை செய்கிற குடும்பம். மெய்யநாதன் என் பட்டறையில்தான் தொழில் கற்றான். கையில் வேகம் கிடையாது. ஆனால் பிடித்தால் விடமாட்டான். ஒரு தடவை நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டுக்கு வாசல் நிலை வைத்துவிட்டு வந்தோம். வீட்டுக்கார ஆச்சிக்கு நிறைவு, எனக்கும் நிறைவு. மறுநாள் விடிந்ததும் இவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்த நிலையைப் பெயர்த்துவிட்டான். அரை நூல் சாய்ந்திருந்ததாம். "யாருக்கடா தெரியப் போகுது?" என்று கத்தினேன். "எனக்குத் தெரிஞ்சு போச்சே மாமா" என்றான். அவ்வளவுதான் அவன்.

அவனுக்கும் என் மகள் சோலையம்மாளுக்கும் சின்ன வயசிலேயே பேசி வைத்ததுதான். 1969-இல் அவனுக்கு இருபத்தாறு, அவளுக்கு இருபது. ஐப்பசியில் பரிசம் போட்டு, தை ஆறாம் தேதிக்கு முகூர்த்தம் குறித்தோம். பத்திரிகையும் அடித்தாயிற்று.

கார்த்திகை பிறந்ததும் அவன் ஆளே மாறிப்போனான். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். தன் துணியைத் தாய் துவைக்கக் கூடாது என்று பிடுங்கிக்கொண்டு போனான். சோலையம்மாள் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோனாள். அவள் கையிலிருந்து தூக்கைக்கூட வாங்கவில்லை. "அங்குட்டு வச்சிட்டுப் போ" என்றானாம். வந்து என் வீட்டுக்காரி காளியம்மாளிடம் மூக்கைச் சிந்தினாள். "கல்யாணத்துக்கு முந்தியே கசந்து போச்சு போல" என்று தங்கை என்னிடம் வந்து அழுதாள்.

மறுநாள் மதியம் மற்ற ஆட்கள் சாப்பிடப் போன பிறகு அவனாகவே வாயைத் திறந்தான்.

"மாமா, தை மாசம் கல்யாணம் வேணாம்."

"எம் மகளப் பிடிக்கலையாடா?"

"ஐயோ, அது இல்ல."

"பின்ன என்ன எழவு? சொல்லித் தொலை."

இழைப்புளியை வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். புரட்டாசியில் திருச்சியில் ஒரு பங்களாவுக்கு ஜன்னல் வேலைக்கு அவனும் அவன் கூட்டாளி தேனப்பனும் போயிருந்தார்கள். ஐப்பசி முதல் தேதி, வேலை முடிந்த அன்று, தேனப்பன் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான்.

"போனேன் மாமா. எங் கால்லதான் நடந்து போனேன். அவன் மேல பழி போடல. அந்தப் பொம்பளையும் நல்லவிதமாத்தான் பேசுச்சு. கட்டிப் பிடிச்சேன். முத்தங் குடுத்தேன். அதுக்குள்ள சோலை ஞாவகம் வந்துருச்சு, எந்திரிச்சு வந்துட்டேன். வேட்டிகூட அவுக்கல."

"அப்பொறம் என்னடா? ஒண்ணும் நடக்கலைல்ல?"

"தேனப்பனுக்குச் சீக்கு வந்துருச்சு மாமா. ஒண்ணுக்குப் போனாச் சீழ் வருதாம். ஊசி போட்டுக்கிட்டு இருக்கான். எனக்கும் இப்ப அந்த எடத்துல செவந்து, கொப்புளங் கிளம்பிருக்கு. பத்து நாளாச்சு. அரிச்சுக் கொல்லுது."

பெண்ணைப் பெற்றவனாக முதலில் கை ஓங்கினேன். அவன் கன்னத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றான். அதைப் பார்த்ததும் தாய்மாமன் முந்திக்கொண்டான், கை கீழே இறங்கிவிட்டது. ஆனால் எனக்கு மட்டும் என்ன தெரியும்? சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் படித்ததுதான் எங்களுக்கு வைத்தியம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜுக்கு மாசம் ஒரு தடவை வெளியூர் வைத்தியர் ஒருத்தர் வருவார். நான்தான் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அந்தத் தப்பு என்னுடையது.

அவர் புண்ணைப் பார்க்கவே இல்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். "கட்டிப் பிடிச்சாலே போதும், உடம்புச் சூட்டுல எறங்கிரும். ரத்தம் மொத்தமும் கெட்டுப் போச்சு" என்றார். ஒரு டப்பா களிம்பும் லேகியமும் கொடுத்து, ஒரு மண்டலத்துக்குப் பெண்ணின் நிழல்கூடப் படக்கூடாது என்றார். அந்தக் களிம்பைத் தடவிய அன்று அவன் பட்ட பாட்டை நான் எழுதமாட்டேன். இரண்டு வாரத்தில் காலை அகட்டி அகட்டி நடந்தான். கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

ஒருநாள் காலையில் அந்த டப்பாவைக் கொண்டுவந்து, என் கண் முன்னாலேயே பட்டறைக் குப்பையில் வீசினான்.

"மாமா, கோணலா நேரான்னு கண்ணால பாத்தா போதாது. மட்டம் வச்சுப் பாக்கணும். ரத்தத்துக்கும் மட்டம் வச்சுப் பாக்கற எடம் ஒண்ணு இருக்கும். நா அங்க போறேன்."

"ஊருக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். தெரியாமச் சாகறதுக்குத் தெரிஞ்சு பொழைக்கலாம்."

வளன் என்று ஒரு கம்பவுண்டர் காரைக்குடியில் இருந்தார். பட்டறையில் கை கிழித்துக்கொண்டு போகிற எங்களுக்கெல்லாம் அவர்தான் தையல் போடுவார். மெய்யநாதன் நேரே அவரிடம் போய்க் கேட்டான். அவர் முகம் சுளிக்கவில்லை. "புதுவயல் மில்லுக்கு வர்ற லாரிக்காரகள எல்லாம் நாந்தான் அனுப்பி வைக்கிறேன். மதுரப் பெரியாஸ்பத்திரில இதுக்குன்னே தனியாப் பாக்குறாக. காலையில போங்க" என்றார்.

நானும் கூடவே போனேன். ஆஸ்பத்திரியில் நீளப் பெஞ்சு. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் துண்டால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறைத்துக்கொண்டேன். இவன் மட்டும் துண்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

டாக்டருக்கு ஐம்பது வயசு இருக்கும். நம்ம ராமநாதபுரத்துப் பேச்சு. எதையும் சுற்றி வளைக்காமல் கேட்டார். இவனும் திருச்சியில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"உறவு வைக்கல?"

"இல்லைங்க ஐயா."

"அந்தப் பொம்பளைக்கு வாயில, ஒதட்டுல புண்ணு கிண்ணு இருந்துச்சா?"

"கவனிக்கலைங்க ஐயா."

"எவன்தான் கவனிக்கிறான்! சரி, கேட்டுக்க. ஒன் கூட்டாளிக்கு வந்துருக்கது வெட்டை. அது உறவு வச்சா ஒட்டும். வேட்டி கட்டிக்கிட்டுக் கட்டிப் பிடிச்சதுக்கெல்லாம் வராது. டம்ளர்ல வராது, தட்டுல வராது, தொவைக்கிற துணியில வராது. ஒங்க ஆத்தா கையால சாப்பிடு. ஆனா கிரந்தின்னு இன்னொண்ணு இருக்கு. அது, புண்ணு மேல தோலு பட்டா வரும். வாயில புண்ணு இருந்தா முத்தத்துலகூட எப்பவாச்சும் வந்துரும். அபூர்வந்தான். ஆனா வரவே வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் ரத்தம் பாக்கணும்."

திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இது கிரந்திப் புண்ணு மாதிரி இல்லையே. ரெண்டு தொடையிலயும் உள்பக்கம் பட்டையா இருக்கு. நீ என்ன வேலை பாக்குற?" என்றார்.

"தச்சு வேலைங்க."

"எப்படி ஒக்காந்து பாப்ப? காட்டு."

அவன் அந்த அறைத் தரையிலேயே உட்கார்ந்தான். மேஜையிலிருந்த ரூல்தடியை வாங்கி இரண்டு தொடைக்கும் நடுவில் செருகி, பாதத்தால் முனையைப் பிடித்துக்கொண்டு, அரம் போடுகிற மாதிரி கையை இழுத்துக் காட்டினான். நாங்கள் கட்டில் காலுக்கு வேலை செய்கிறது அப்படித்தான். மரத்தைக் காலாலும் தொடையாலும் இடுக்கிக்கொள்வோம்.

"என்ன மரம்?"

"தோதகத்திங்க, ஈட்டின்னும் சொல்லுவாக. ஒரு செட்டியார் வீட்டுக்குக் கட்டில் செய்யறோம். ஐப்பசிக் கடைசில தொடங்குனது."

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. தோதகத்தித் தூள் சில பேர் தோலுக்கு ஆகாது. எனக்கே வாலிபத்தில் முழங்கை வரைக்கும் தடித்திருக்கிறது. கையில் வந்தால் மரம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் வந்தால் மரம் என்று யாருக்குத் தோன்றும்?

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஆசாரி, இடுப்புல என்ன கட்டிக்கிட்டு வேலை பாப்பீக?"

"வேலைத் துண்டுங்க. பட்டறை ஆணியில தொங்கும். காலையில கட்டுவோம், சாயங்காலம் அவுத்து மாட்டிருவோம்."

"எத்தனை நாளைக்கு ஒருக்காத் தொவைப்பீக?"

"எடுத்த சாமான் முடிஞ்சாத்தாங்க தொவைப்போம். எங்கப்பா காலத்துப் பழக்கம்."

"கட்டில் முடிய எத்தனை நாள்?"

"ரெண்டு மாசம் ஆகுங்க."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாசக் கணக்கா வேர்வையும் மரத்தூளும் ஊறுன துண்ட அங்க கட்டிக்கிட்டு, திருச்சிக்காரி மேல பழி போடறீகளே! அதுக்கு மேல எவனோ குடுத்த களிம்பு வேற! பத்து நாளைக்கு அந்த மரத்தத் தொடாத. தண்ணி ஊத்திக் கழுவு, தொவச்ச துணியக் கட்டு" என்று ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். ரத்தமும் எடுத்தார்கள்.

எட்டாம் நாள் சொறி உலர்ந்துவிட்டது. அடுத்த வாரம் போனபோது ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சீட்டும் கொடுத்தார்கள். எனக்குப் பறக்காத குறை. ஆனால் டாக்டர் ஒரு வார்த்தை சேர்த்தார்: "நீ போன நாள்லருந்து மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா ரத்தம் பாத்துரு. சில பேருக்குத் தாமதமாத் தெரியும். அதுலயும் இல்லைன்னா இல்லவே இல்ல."

மூன்று மாசம் என்றால் தை முதல் தேதிக்குப் பிறகு. ரத்தம் கொடுத்து, சீட்டு வர ஒரு வாரம். முகூர்த்தம் தை ஆறு.

திரும்பி வருகிற பஸ்ஸில் மேலூர் தாண்டியதும் அவன் சொன்னான்: "ரெண்டாவது சீட்டு வந்த பின்னாடிதான் தாலி."

"டேய், அபூர்வம்னு டாக்டரே சொல்லிட்டாரு. புண்ணும் மரத்தூள்னு ஆகிப்போச்சு. இன்னும் என்னடா?"

"நூத்துல ஒரு பங்குன்னாலும் அது எங் கணக்கு மாமா. அவ தலையில ஏத்த மாட்டேன்."

"பத்திரிகை அடிச்சாச்சுடா! சனங்களுக்கு என்ன சொல்ல?"

"நெலைய அன்னைக்குப் பேத்தேன்ல. அதே மாதிரிதான்."



அவன் அதோடு நிற்கவில்லை. சோலையம்மாளிடமும் தானே சொல்லப்போவதாகச் சொன்னான். வேண்டாம் என்று நானும் காளியம்மாளும் எவ்வளவோ தடுத்தோம். கேட்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் கொல்லை வாசலில் நிற்க, நாலடி தள்ளி நின்று எல்லாவற்றையும் சொன்னான். திருச்சி, தேனப்பன், லாட்ஜு, மதுரை, இரண்டாவது சீட்டு. அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். தேய்த்த சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"அம்புட்டுத்தானா? இன்னும் இருக்கா?" என்றாள்.

"அம்புட்டுத்தான்."

"முத்தங் குடுத்தீகளாக்கும்."

அவன் தலையை ஆட்டினான்.

"நா கொண்டாந்த கொழம்ப வாங்கலையே, அன்னைக்கு நா என்ன நெனச்சேன் தெரியுமா? வேற எவளையோ மனசுல வச்சிருக்கீகன்னு நெனச்சேன். மூணு நாளு சோறு எறங்கல. சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு, "ஆம்பளைக ஊரூராக் கொண்டுபோய்க் குடுப்பீக, அதுக்குப் பேரு மட்டும் பொம்பளச் சீக்கு" என்றாள்.

"தப்புத்தான் சோலை. ஒனக்கு என்னைய வேணாம்னா இப்பவே சொல்லிரு. மாமா முன்னாடியே சொல்லு."

"வேணாங்கறதா இருந்தா இந்தச் சட்டி இந்நேரம் ஒங்க தலையில இருக்கும். சீட்டு எப்ப வரும்?"

"தை பதினஞ்சுக்குள்ள."

"அப்ப மாசியில வச்சுக்கிருவோம். தள்ளி வைக்கிறதுக்குக் காரணம் நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஒங்க வாயில பொய் நிக்காது. நாஞ் சொல்லிக்கிறேன்."

அவள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? கட்டில். எங்கள் சனத்தில் கட்டில் கேட்கிற வழக்கமே கிடையாது. செட்டியார் வீடுகளுக்கு நூறு கட்டில் செய்திருப்போம், நாங்கள் படுப்பது பாயில். அவள் தன் அத்தையிடம் போய், "மாப்பிள்ளை தங் கையால தேக்குல கட்டில் செஞ்சு போட்டாத்தான் கழுத்த நீட்டுவேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

ஊர் சிரித்தது. ராமுத்தாய்க்கு வந்த கோபத்தில் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. "அண்ணே, மகாராணிய வளத்து வச்சிருக்கீக" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். என் சின்னம்மா வியாழத்தாய், எங்கள் வகையறாவில் வாய் நீளம், "கட்டில்காரி" என்று பெயரே வைத்துவிட்டாள். சோலையம்மாள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. குடும்பத்தில் உண்மை தெரிந்தது எங்கள் நாலே பேருக்கு.

மெய்யநாதன் நிஜமாகவே கட்டில் செய்தான். தேக்கில். துவைத்த துண்டைக் கட்டிக்கொண்டு, தினமும் சாயங்காலம் கிணற்றடியில் குளித்துவிட்டு. பொங்கல் கழிந்து தை நாலாம் தேதி மதுரைக்குப் போய் இரண்டாம் தடவை ரத்தம் கொடுத்தான். சீட்டு வருகிற வரைக்கும் கட்டிலின் நாலாவது காலைப் பூட்டாமலே வைத்திருந்தான். சீட்டை வாங்கிய அன்று காரைக்குடியில் இறங்கியதும் வளன் கம்பவுண்டரிடம் நீட்டினான். அவர் ஒரு தடவை படித்து, "சுத்தம். போயி வேலையப் பாரு" என்றார். அவன் நேரே பட்டறைக்கு வந்து நாலாவது காலைப் பூட்டினான். மாசியில் கல்யாணம் முடிந்தது.

அதற்குப் பிறகு பட்டறையில் வேலைத் துண்டைத் தினமும் துவைத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டான். எங்கப்பா பழக்கம் அதோடு போயிற்று. தேனப்பனுக்கும் ஊசியில் குணமாகிவிட்டது. அவனையும் விடாமல் மதுரைக்கு இழுத்துப்போய் ரத்தம் பார்க்க வைத்தான்.

"கட்டில்காரி" மட்டும் போகவில்லை. இரண்டரை வருஷம். கல்யாணவீடு, காதுகுத்து, எங்கே போனாலும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். அவனுக்குத்தான் முகம் கறுக்கும். சொல்லிவிடுகிறேன் என்பான். அவள் வேண்டாம் என்பாள்.

முந்தாநாள் பேத்திக்கு முப்பது. பெயர் வைத்துத் தொட்டிலில் போட்டோம். மீனம்மாள், என் தாய் பெயர். பேத்தியை நான்தான் ஏந்திக்கொண்டிருந்தேன், யாரிடமும் கொடுக்கவில்லை. சனம் நிறைந்திருந்தது. வியாழத்தாய்ச் சின்னம்மா தொட்டில் கம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி கட்டில்காரி, கட்டில்ல படுத்தாத்தான் கழுத்த நீட்டுவேன்னியே, ஒம் மக தொட்டிலுக்குத் தங்கக் கம்பி கேப்பாளா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மெய்யநாதன் எழுந்தான். சோலையம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடு" என்று கையை எடுத்துவிட்டான்.

"சின்ன அம்மாச்சி, அவ கட்டில் கேக்கல. நாந்தான் கல்யாணத்தத் தள்ளி வச்சேன். போகக் கூடாத எடத்துக்குப் போயிட்டேன். சீக்கு ஒட்டிருக்குமோன்னு பயம். மதுரையில ரெண்டு தடவ ரத்தம் பாத்து, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்ச பின்னாடிதான் தாலி கட்டுனேன். எம் மானத்துக்காக அவ பேரக் கெடுத்துக்கிட்டா. இனிமே அவள அப்படிக் கூப்பிடாதீக. கூப்பிட்டா நா மறுபடியும் எந்திரிச்சு இதையே சொல்லுவேன்."

ராமுத்தாய் வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து, மருமகளின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். வியாழத்தாய்ச் சின்னம்மா, "இதெல்லாம் சபையில சொல்ற பேச்சாடா?" என்று மட்டும் முணுமுணுத்தாள். தேனப்பன் பின்வரிசையிலிருந்து, "சொன்னது நெசந்தேன். எனக்கு வந்துச்சு, குணமாச்சு" என்றான். அதற்கு மேல் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நல்லவேளை, பேத்தி என் வேட்டியை நனைத்தாள். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாப்பாடு முடிந்து கொல்லைப் பக்கம் கை கழுவப் போனபோது மெய்யநாதனைச் சுற்றி ஆள் நின்றார்கள். ஒருத்தர் போனதும் அடுத்தவர் வந்தார். புதுவயல் மில்லில் வேலை பார்க்கிற இரண்டு பேர், கல்யாணம் பேசி வைத்திருக்கிற ஒருத்தன். எல்லோரும் தண்ணீர் மோந்து குடிக்கிற மாதிரி குனிந்துகொண்டு கேட்டது ஒன்றேதான்: "அது மதுரையில எங்குட்டு இருக்கு?"

நாலாவதாக வந்தவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, துண்டால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார். அவர் வியாழத்தாய்ச் சின்னம்மாவின் வீட்டுக்காரர். மெய்யநாதன் சிரிக்கவில்லை. பஸ் நம்பர், வாசல், எத்தனை மணிக்குப் போக வேண்டும், எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, "வியாழக்கிழம நா வர்றேன், சேந்தே போவோம் தாத்தா" என்றான்.